முப்பது மீட்டர் கயிறு

பிப்ரவரி 8

பலூன்காரருக்கு,

ஏழு மாதமாக நீங்கள் எழுதுகிற கடிதமெல்லாம் அத்தை பேருக்கே வருகிறது. அத்தைக்குக் கண்ணில் புரை இருப்பதால் நான்தான் பிரித்து வாசித்துக் காட்டுகிறேன். ஒவ்வொன்றின் கடைசியிலும் "வீட்டில் மற்றவர்களையும் விசாரித்ததாகச் சொல்லவும்" என்று ஒரு வரி. இந்த வீட்டில் மற்றவர்கள் என்று இருப்பது உங்களைக் கட்டிக்கொண்ட நான் ஒருத்திதான். என் வாயாலேயே என்னை விசாரித்துக்கொள்கிறேன்.

யாருக்குக் கோபம் அதிகம் என்று பார்க்க இதை எழுதவில்லை. வேலை விஷயம்.

நான் செய்த ரிசீவர் மேலே போய் மூன்று மாதம் ஆகிறது. ஷூ பெட்டி அளவில் ஒரு செயற்கைக்கோள், அதற்குள் அது. வாடகை வண்டிகளில் வழி காட்டுகிற அதே மலிவான ஜி.பி.எஸ். சில்லுதான். நீங்கள் கிளம்பும் முன் சாப்பாட்டு மேசையில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வழி காட்டும் செயற்கைக்கோள் ஒன்று பூமியின் விளிம்பில் இறங்கி மறையும்போது, அதன் அலை காற்றுக்குள் புகுந்து வருகிறது. தண்ணீர் டம்ளரில் போட்ட கரண்டி வளைந்து தெரிகிற மாதிரி அந்த அலையும் வளையும். எவ்வளவு வளைந்தது என்று என் ரிசீவர் அளந்தால், அந்த உயரத்தில் காற்று எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டுவிடலாம். நீங்கள் பலூனில் கருவியைக் கட்டி அனுப்பி அளக்கிற அதே சூடு. அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கில் சனி. "இனிமே உங்க பலூனுக்கு வேலை இருக்காது" என்று சேர்த்துச் சொன்னேன். மறுநாளே தீவு வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது வேடிக்கை என்னவென்றால், என் ரிசீவர் சொல்வது சரியா என்று பார்க்க உங்கள் பலூனைத்தான் அளவுகோலாக எடுத்திருக்கிறார்கள். சுற்றிலும் கடல், பக்கத்தில் மலையோ ஊரோ கிடையாது, ஒப்பிட வசதியாம். ஏப்ரல் கடைசிக்குள் உங்கள் எண்ணும் என் எண்ணும் அரை டிகிரிக்குள் சேர வேண்டும். சேர்ந்தால் இதே மாதிரி ஆறு கோள்கள், இரண்டு வருஷ வேலை, பொறுப்பு எனக்கு. சேராவிட்டால் எங்கள் பிரிவையே கலைத்துவிடுவார்கள். எங்கள் தலைவர் எந்தப் பேச்சை எடுத்தாலும் "அரை டிகிரி" என்றுதான் முடிப்பார். அதுவே அவருக்குப் பேராகிவிட்டது.

உங்கள் கடிதம் வர ஒன்பது நாள். உங்கள் எண்கள் வர மூன்று நிமிஷம். அந்த ஒல்லி ரேடியோ இணைப்பில் அளவுகளைத் தவிர ஒரு சொல் அனுப்ப விடமாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் காலையில் திரையைத் திறந்தால் உங்கள் பலூன் ஏறிக்கொண்டிருக்கும். ஆள் எழுந்துவிட்டார், கோட்டுப் போட்டாரோ இல்லையோ என்று நினைத்துக்கொள்வேன். போன மாதம் ஒரு நாள் நாலு நிமிஷம் தாமதம். அந்த நாலு நிமிஷம் நான் டீயைத் தொடவில்லை.

அத்தை கேட்கச் சொன்னது: "அவன் காத்தை அளக்கப் போனானா, காத்து வாங்கப் போனானா?"

இப்படிக்கு,
மற்றவர்கள்

~

பிப்ரவரி 19

மற்றவர்களுக்கு,

படகு ஆறு மணி நேரம்தான் நிற்கும். அதில் ஒரு மணி நேரம் உன் கடிதத்தை வாசித்தேன். மூன்று பக்கத்தை ஒரு மணி நேரம் வாசிக்கிற அளவுக்கு இங்கே பொழுது கிடக்கிறது.

கையெழுத்துப் போட்டது கோபத்தில். கோபம் மூன்றாம் நாளே கடலில் இறங்கிவிட்டது. படகுதான் திரும்பவில்லை. அதை உனக்கு எழுத வெட்கமாக இருந்தது, அதனால்தான் "மற்றவர்கள்". தப்புதான்.

அம்மாவிடம் சொல், காற்று வாங்குவதற்குக் காசு கேட்காத ஒரே இடம் இதுதான், மூட்டை மூட்டையாக அனுப்புகிறேன் என்று. காற்றென்றால் சும்மா இல்லை. பலூன் விடுவது இரண்டு ஆள் வேலை. ஒருவர் பலூனைப் பிடித்திருக்க, இன்னொருவர் முப்பது மீட்டர் தள்ளிக் கயிற்றின் மறு முனையில் கருவியை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். என்னோடு இருந்தவர் செப்டம்பரில் இடுப்புப் பிடித்து ஊருக்குப் போய்விட்டார். பதிலுக்கு யாரும் வரவில்லை. தனியாக விட்டதில் மூன்று கருவிகள் பாறையில் அடிபட்டுத் தூளாகிவிட்டன. அப்புறம் கயிற்றை எட்டு மீட்டராகக் குறைத்துக் கட்டிவிட்டேன். ஒரு கையில் பலூன், மறு கையில் கருவி, நாலு எட்டு ஓடி விட்டுவிடுவேன். அன்றிலிருந்து ஒன்றுகூட அடிபடவில்லை. சமையல்காரர் உதவலாம், ஆனால் ஹைட்ரஜன் என்ற பெயரைக் கேட்டாலே நூறு அடி தள்ளி நிற்கிறார்.

தனி ஆளாக இருப்பவனுக்கு விடுப்பும் கிடையாது. நான் கிளம்பினால் பலூனை யார் விடுவது? ஆகையால் ஊர்ப்பக்கம் வர வழியில்லை. இரண்டாவது ஆள் வேலை காலியாகவே இருக்கிறது. உனக்கும் எனக்கும் ஒரே துறை. சும்மா சொன்னேன்.

எதிரே அவருடைய கட்டில் வெறுமையாகக் கிடக்கிறது. ராத்திரி பேச்சு வந்தால் அதனிடம்தான் பேசுகிறேன். உன்னைவிட நன்றாகக் கேட்டுக்கொள்கிறது.

பலூன்காரன்

~

மார்ச் 2

கட்டிலோடு பேசுகிறவருக்கு,

நீங்கள் சும்மா சொன்னதை நான் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முன் வேலை விஷயம்.

உங்கள் கோடும் என் கோடும் பதினைந்து கிலோமீட்டர் வரை நன்றாக ஒட்டிப் போகின்றன. தரையை ஒட்டிய ஈரத்தில் என் ரிசீவர் அலையைத் தவறவிடும். அது எல்லாருக்கும் தெரிந்த குறை, அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. தகராறு உச்சியில். இருபது கிலோமீட்டரைத் தாண்டினால் உங்களுடையதைவிட என்னுடையது ஒன்றேகால் டிகிரி குளிர்ச்சி. அதுவும் பகலில் மட்டும். இருட்டில் நீங்கள் விடும் பலூனோடு ஒத்துப்போகிறது.

அரை டிகிரி என்னைக் கூப்பிட்டார். "பலூன் பல வருஷமா மேல போயிட்டு இருக்கு. உங்க சில்லு நேத்து வந்தது. ரெண்டுல எது தப்புன்னு நான் வேற சொல்லணுமாம்மா?" என்றார். சில்லில் இருக்கும் மலிவான கடிகாரம் வெயிலில் தடுமாறுகிறது என்பது அவர் முடிவு. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

பிறகு நேரே பணியாளர் பிரிவுக்குப் போனேன். தீவில் காலியிடம் இருக்கிறதாமே என்றேன். அங்கிருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அங்க போறேன்னு கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான். அங்க என்ன இருக்கு?" என்றார். "ஆள் இருக்கு" என்றேன். படிவத்தை அப்போதே கொடுத்துவிட்டார்.

ஏப்ரலில் பிரிவைக் கலைத்தால் மே மாதப் படகில் வருவேன். அத்தையை உங்கள் அக்கா வைத்துக்கொள்கிறாராம். நாலு வருஷம் சோறு தண்ணி மறந்து செய்த ரிசீவர் தோற்கப்போகிறது, நானோ எந்தச் சேலையெல்லாம் எடுத்து வைக்கலாம் என்று பீரோ முன்னால் நிற்கிறேன். என்னை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் போல இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

படிவம் எழுதியவள்

~

மார்ச் 12

வரப்போகிறவளுக்கு,

உன் ரிசீவர் தோற்பதற்கு நான் வருத்தப்பட வேண்டும். பட்டுப் பார்த்தேன், வரவில்லை. தோற்கட்டும் என்று மனசு சொல்கிறது. கட்டிக்கொண்டவள் நாலு வருஷம் உழைத்ததற்கு இப்படி ஒரு புருஷன். வந்ததும் திட்டிக்கொள்.

அறையைக் கேள். கட்டிலுக்கு நீலப் பெயின்ட் அடித்தேன், இருந்தது அந்த ஒரு டப்பாதான், படகுக்கு வாங்கியது. மழைக்கு ஒழுகும் மூலையை அடைத்துவிட்டேன். உன் பக்கத்துச் சுவரில் மூன்று ஆணி அடித்திருக்கிறேன், கோட்டு, கண்ணாடி, பை. ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றும் கிடையாது, கடல்தான். ஆனால் பலூன் போகிற திசை தெரியும்.

சமையல்காரர் கேட்கிறார்: "உங்க வீட்டுக்காரம்மா வந்தா உப்பு குறைச்சலான்னு சொல்வாங்களா?" நான் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், காதிலேயே விழவில்லை. நீ சொன்னால் விழும் போலிருக்கிறது.

காத்திருப்பவன்

~

மார்ச் 23

உங்களுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு முறை கிழித்துவிட்டேன்.

பிப்ரவரி கடிதத்தில் கயிற்றை எட்டு மீட்டராகக் குறைத்துக் கட்டியதாக எழுதியிருந்தீர்கள். மார்ச் 2 அன்று பகல் வித்தியாசத்தைப் பற்றி உங்களுக்கு எழுதியபோது, அந்த வரி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பகலில் வெயில் பட்டுப் பலூன் சூடாகிறது. ஏறும்போது அது சூடுபடுத்திய காற்று கீழே வாலாக நீள்கிறது. எட்டு மீட்டரில் தொங்கும் கருவி அந்த வாலுக்குள்ளேயே ஏறுகிறது. முப்பது மீட்டர் என்று விதி வைத்ததே அதற்காகத்தான். உயரப் போகப் போகத் தப்பு கூடும், இருட்டில் இருக்காது. எல்லாம் அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. உங்களுக்கு எட்டாத விஷயமும் இல்லை, தனியாகப் போராடியதில் மறந்துபோயிருக்கும். எனக்கு மறக்கவில்லை. தெரிந்துகொண்டே தலையை ஆட்டினேன். தெரிந்துகொண்டே படிவத்தை நிரப்பினேன்.

நேற்று அரை டிகிரி ஒரு அறிக்கையை மேசையில் வைத்தார். இப்படிப்பட்ட மலிவான ரிசீவர் இந்த வேலைக்கு உதவாது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். பலூன் விட ஆளே இல்லாத கடல் எவ்வளவு கிடக்கிறது. அங்கே புயல் கிளம்பும் முன் காற்றைப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை என்று உங்களோடு சண்டை போட்டவள் நான். அதை உதவாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டுமா? வந்த பிறகு தினமும் இரண்டு வேளை அந்தக் கயிற்றை எப்படிப் பார்ப்பேன்?

பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். அத்தைக்குக் கண்தான் சரியில்லை, மற்றதெல்லாம் தெரிகிறது. "போறதுன்னா சிரிச்சுக்கிட்டுப் போ. இப்படிப் பெருமூச்சு விட்டுக்கிட்டுப் போனா அவனுக்கு என்ன பிரயோஜனம்?" என்றார்.

இன்று காலை அரை டிகிரியிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "எத்தனை நாளா தெரியும்?" என்று மட்டும் கேட்டார். மூன்று வாரம் என்றேன். படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். உங்கள் நிலையத்தில் தனி ஆளை விட்டிருக்கக் கூடாது என்று நிலையங்களைப் பார்க்கும் பிரிவுக்கும் எழுதியாயிற்று. ஆனால் கயிறு எட்டு மீட்டர்தான் என்று அளந்து சொல்ல வேண்டியது நீங்கள். முழுக் கயிற்றில் விட்டுக் காட்ட வேண்டியதும் நீங்கள். காட்டினால் நான் ஜெயிப்பேன், இங்கேயே இரண்டு வருஷம் இருப்பேன்.

நீலக் கட்டிலை நினைத்து நேற்று முழுக்க அழுதேன். என்னை மன்னியுங்கள், தெரிந்து மறைத்ததற்கும், இப்போது சொன்னதற்கும்.

~

ஏப்ரல் 2

உனக்கு,

படகு தெரிகிறது. அலை பெரிதாக இருப்பதால் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காதாம். உன் கடிதம் கைக்கு வரும் முன் இதை ஒட்டிக் கொடுத்துவிடப் போகிறேன். முதலில் உன்னுடையதைப் பிரித்தால், "வருகிறேன்" என்று ஒரு வரி இருந்தால், இது அடுப்புக்குப் போய்விடும்.

பத்து நாள் முன்பு, நீ வந்தால் எங்கே நிற்க வேண்டும் என்று காட்ட, கொட்டகையிலிருந்து முப்பது மீட்டர் அளந்து பாறையில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டேன். இரண்டு பாதம் அளவுக்கு. அந்த இடம் தோதா என்று பார்க்க ஆள் வேண்டுமே. சமையல்காரரை ஒரு டப்பா பிஸ்கட்டுக்கு இணங்க வைத்து, 24ஆம் தேதி பகல் பலூனுக்கு அங்கே நிறுத்தினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு கருவியை ஏந்தி நின்றார். முழுக் கயிறு, எதுவும் அடிபடவில்லை. உனக்கு இடம் சரிதான் என்று சந்தோஷமாக உள்ளே வந்தேன்.

திரையைப் பார்த்தால் இருபது கிலோமீட்டருக்கு மேலே முந்தின நாளைவிட ஒன்றேகால் டிகிரி குளிர்ச்சி. ஒன்றேகால் என்ற எண்ணை நீ எழுதியிருந்தாய்.

தலையில் கொட்டினாற்போல் இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்த பாடம் அது. கருவி உடையாமல் போனால் போதும் என்று, எதற்கு அந்த முப்பது மீட்டர் என்பதையே மறந்திருக்கிறேன். உன் ரிசீவர் முதல் நாளிலிருந்து சரியாகவே சொல்லியிருக்கிறது. நான்தான் பலூனின் சூட்டை வானத்தின் சூடு என்று ஆறு மாதம் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

இதோடு முடித்தால் நல்லவன் ஆகிவிடுவேன். முடியவில்லை. அடுத்த மூன்று நாள் வேண்டுமென்றே எட்டு மீட்டரில் கட்டினேன். சமையல்காரர் குறியில் போய் நின்றார், பயம் தெளிந்துவிட்டது மனுஷனுக்கு. "இன்னைக்கு நீங்க வேணாம்" என்று அனுப்பிவிட்டேன். மூன்று நாளும் நீலக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் தெரியப் போவதில்லை, நீ மே மாதம் வந்துவிடுவாய்.

நாலாம் நாள் நீ வந்து அந்தக் குறியில் நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். முப்பது மீட்டர் கயிற்றை உன் கையில் கொடுத்தால் எண் குளிரும், அன்றே உனக்குத் தெரிந்துவிடும். எட்டு மீட்டரைக் கொடுத்தால் அப்போதும் தெரிந்துவிடும். உன்னை எங்கேயும் நிறுத்த முடியவில்லை.

28ஆம் தேதியிலிருந்து முழுக் கயிறுதான். அலுவலகத்துக்கு எல்லாவற்றையும், அந்த மூன்று நாளையும் சேர்த்து, தனியாக எழுதி இதே பையில் போட்டிருக்கிறேன். உன் பிரிவை இனி யாரும் கலைக்க மாட்டார்கள். நீயும் வர மாட்டாய். பலூனுக்கு வேலை இருக்காது என்று நீ சொன்னபோது கோபம் வந்ததே, அந்தக் கோபமாவது மூன்று நாள் துணைக்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. நீ மட்டும்தான் வேண்டும்.

பை கட்டுகிறார்கள்.

~

ஏப்ரல் 13

என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் இதை எழுதும் முன்பே எனக்குத் தெரியும்.

24ஆம் தேதி காலை உங்கள் எண்கள் திடீரென்று குளிர்ந்தன. என் கடிதம் அன்றுதான் படகேறியது, உங்களிடம் வர இன்னும் ஒன்பது நாள். நான் சொல்லாமலே ஏதோ நடந்திருக்கிறது என்று திரையைத் தொட்டுப் பார்த்தேன். மறுநாள் மறுபடி சூடு. அதற்கு மறுநாளும். மூன்று நாள். பக்கத்து மேசைப் பெண் "கருவி கோளாறு போல" என்றாள். இல்லை, அந்தச் சூடு என்ன என்று எனக்குத் தெரியும். என்னை ஒருவர் அவ்வளவு வேண்டும் என்று நினைப்பதை அதற்கு முன் யாரும் எனக்கு எண்ணில் காட்டியதில்லை. 28ஆம் தேதி மறுபடி குளிர்ந்தது, பிறகு மாறவே இல்லை. உங்களுக்கு மூன்று நாள் ஆனது, எனக்கு மூன்று வாரம். இதிலும் நீங்கள்தான் முன்னால்.

அரை டிகிரி பதினாறு நாள் கோடுகளை ஒரே தாளில் அச்செடுத்து வரச் சொன்னார். என்னுடையது சிவப்பு, உங்களுடையது கறுப்பு. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சிவப்பு எங்கம்மா?" என்றார். கறுப்புக்கு அடியில் இருந்தது. ஆறு கோள்களுக்கும் கையெழுத்தாகிவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்தத் தாளில் மட்டும்தான் நாம் ஒட்டி இருக்கிறோம்.

இன்னொரு செய்தி. இந்தப் படகிலேயே உங்களிடம் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் காலியிடத்துக்கு. இன்னொருவர் உங்களை விசாரிக்க வரும் அதிகாரி, மூன்று மாதம் தங்கிப் பழைய எண்களையெல்லாம் திருத்த வேண்டுமாம். புதியவருக்கு நீலக் கட்டிலைக் கொடுத்துவிடுங்கள். என் மூன்று ஆணிகளையும் கொடுங்கள். அந்தச் சுண்ணாம்புக் குறியில் வேறு யாரோ நிற்பதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

கடிதம் போடாமல் இருந்துவிடாதீர்கள். ஜனவரியில் ஒரு முறை பை நனைந்து உங்கள் கடிதம் வராதபோது அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. நானும்தான், அப்போது சொல்லிக்கொள்ளவில்லை.

உங்கள் வீட்டுக்காரி

~

ஏப்ரல் 23

என் வீட்டுக்காரிக்கு,

விசாரிக்க வந்தவர் இறங்கிய உடனே கயிற்றை அளந்தார். முப்பது மீட்டர், அதற்குமேல் இரண்டு விரல். "குறைச்சுக் கட்டினது யாரு?" என்றார். "நான்தான்" என்றேன். "ஏன்?" என்றார். "மறு முனையைப் பிடிக்க ஆள் இல்லை" என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு பகல் பலூனுக்கு நேரமாகிவிட்டது, காற்றும் பலமாக இருந்தது, வேறு வழியில்லாமல் அவரே போய்க் குறியில் நின்று கருவியைப் பிடித்தார். புதியவர் பலூனைப் பிடித்தார். நான் ஒன்பது மாதத்தில் முதல் தடவையாகக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

எனக்குக் கண்டனக் கடிதம் உண்டு, அது கோப்பில் ஏறும். ஏறட்டும். அதைக் கொடுத்துவிட்டு அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நிலையத்தில் பலூன் விட மூன்று பேர் இருந்தால் ஒருவர் இரண்டு மாத விடுப்பில் போகலாமாம். புதியவருக்கு நான் மூன்று வாரம் கற்றுக் கொடுத்தால் போதும் என்கிறார். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். சமையல்காரர் குறுக்கே புகுந்து, "உப்பு குறைச்சல்னு எழுதுங்க" என்றார். அவருக்குக் காது கேட்கத்தான் செய்கிறது.

அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வை, சாப்பிடாமல் கிடக்கப் போகிறாள். நீயும் பயப்படாதே. அடுத்த படகில் என் கடிதம் வராது.